பாதி என்பது சராசரி

ஜூன் 3

கடைசித் தொகுதி மரபணுத் தரவு இன்று வந்துசேர்ந்தது. ஐந்து வருடமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு என்று வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எச்சில் எல்லாம் இப்போது என் கணினியில் எண்களாக இருக்கிறது. ஆய்வை நடத்தும் ஹெப்சிபா மேடம் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்குக் கணக்கு இனிமேல்தான் ஆரம்பம்.

மாலையில் அம்மா உடுமலையிலிருந்து பேசினாள். என்ன வேலை, இத்தனை வருஷமாக முடியாத வேலை என்று கேட்டாள்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு ஒத்துப்போறாங்கன்னு பாக்கறம்மா."

"இதுக்கொரு படிப்பா? மூணு பெத்த என்னைக் கேட்டா சொல்லிப்போடறேன். பெரியவனும் நீயும் ஒரே அச்சு. பூபதிதான் தனி. அவன் உங்கப்பன் வழி."

கூடப்பிறந்தவர்கள் மரபணுவில் பாதிக்குப் பாதி ஒன்று என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது சராசரி. அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு, அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கலைத்துப் போடுகிறார்கள். அதனால் சில ஜோடிகளுக்கு நூற்றுக்கு நாற்பதுதான் ஒத்துவரும், சில ஜோடிகளுக்கு அறுபது. நாற்பது ஒத்தவர்களைவிட அறுபது ஒத்தவர்கள் உயரத்திலும் ரத்த அழுத்தத்திலும் சிறுநீரகச் செயல்பாட்டிலும் கூடுதலாக ஒத்திருந்தால், அந்தக் குணத்தில் மரபுக்குப் பங்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுவிடலாம். ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளர்ந்தவர்களைத் தங்களுக்குள்ளேயே ஒப்பிடுவதால், இது சோற்றினால் வந்ததா ரத்தத்தினால் வந்ததா என்ற பழைய சண்டையும் இதில் குறுக்கே வருவதில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். "சரி கண்ணு, சாப்டயா?" என்றாள்.

ஜூன் 9

அண்ணனுக்கு இந்த மாத ரத்தப் பரிசோதனை மோசம். மூன்று வருடமாக மாத்திரையில் தள்ளிக்கொண்டு வந்தது இனித் தள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுச் சிறுநீரகம்.

அண்ணன் தண்டபாணிக்கு நாற்பத்தாறு வயது. உடுமலையில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். போனில், "ஒண்ணுமில்ல வாணி, தண்ணி கொஞ்சமாக் குடிக்கச் சொல்லீருக்கறாங்க, அவ்வளவுதான்" என்றான்.

ஜூன் 11

சிலிண்டர் வந்தது. மாடியில் ஏற்றித்தரக் கூலி கேட்டார், கொடுத்தேன். வெண்டைக்காய் முற்றல்.

ஜூன் 22

உடுமலை போய் வந்தேன்.

அண்ணன் முகம் உப்பியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். பட்டறையைத் திறக்கிறான், ஆனால் உட்கார்ந்தபடி வேலை சொல்வதோடு சரி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு வந்தது. யாரும் ஆரம்பிக்கவில்லை, தானாக வந்தது. அண்ணி ருக்மணிக்குச் சர்க்கரை இருக்கிறது, அவள் கொடுக்க முடியாது. கேட்டவுடனே அவள்தான் போய் நின்றிருக்கிறாள். அம்மாவுக்கு எழுபது வயது. தம்பி பூபதி வந்திருந்தான், மனைவி சுகன்யா வரவில்லை. திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்டிங் போடும் யூனிட் வைத்திருக்கிறான், கையில் போன் அணைவதே இல்லை.

"எனக்கு இந்த சீசன் முடியட்டும்மா. ரெண்டு சின்னக் கொழந்தைக. சுகன்யா கேட்டதுக்கே அழுவறா" என்றான்.

"உன்னை யாருடா கேட்டா?" என்றான் அண்ணன். "யாரையும் கேக்க வேண்டாம். பேரைப் பதிஞ்சு வெச்சா வர்றப்ப வரட்டும்."

இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்தால் வருடக்கணக்கில் ஆகும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அண்ணி தட்டுகளை எடுத்தாள். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு யாரு இருக்கறாங்க கண்ணு, வேண்டாம்னு சொல்றதுக்கு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புருஷன் இல்லை, மாமியார் இல்லை, பிள்ளை இல்லை. தடை சொல்ல ஆள் இல்லை. உண்மைதான்.

"டெஸ்ட் எடுத்துப் பாக்கறேன்" என்று சொன்னேன். அண்ணி அடுப்படிக்குள் போய் அழுதாள். சத்தம் கேட்டது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 25

எங்கள் ஆய்வில் முதல் குடும்பம் நாங்கள்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு எச்சில் குழாய்கள் வந்தபோது, வெளியாட்களிடம் போவதற்கு முன் எங்களுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தோம். தீபாவளிக்கு உடுமலை போயிருந்தபோது மூன்று பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் துப்பிக் கொடுத்தோம். பூபதிக்கு எச்சில் வரவில்லை. அண்ணன் புளியங்காயைக் காட்டி அவனுக்கு எச்சில் ஊற வைத்தான். ஒரே சிரிப்பு.

பெயர்கள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்குப் போடுகிறவளுக்கு எண் மட்டும்தான் தெரிய வேண்டும். ஆனால் அந்த மூன்று எண்களை ஒட்டியவள் நான்.

இன்று தரவு சரிபார்க்கும் வேலை. ஆறாவது குரோமோசோமில் ஒரு பகுதி இருக்கிறது. உடல் எதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும், எதை அந்நியம் என்று தள்ளும் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. உறுப்பு மாற்றத்துக்கு முன்னால் டாக்டர்கள் பார்ப்பதும் அதைத்தான். அந்தப் பகுதி பெரும்பாலும் கட்டாகவே கைமாறும். அதனால் கூடப்பிறந்த இரண்டு பேருக்கு அங்கே மூன்று சாத்தியங்கள்தான். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டு பக்கமும் ஒன்று. நாலில் இரண்டு பங்கு, ஒரு பக்கம் மட்டும். நாலில் ஒரு பங்கு, ஒன்றுமே இல்லை.

சரிபார்ப்புக்கு அந்தப் பகுதியைத் திறக்கத் தேவையில்லை. திறந்தேன்.

அண்ணனும் பூபதியும் இரண்டு பக்கமும் ஒன்று. அண்ணனும் நானும் ஒன்றுமே இல்லை.

கோப்பை மூடிவிட்டு மற்ற குடும்பங்களைச் சரிபார்த்தேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாவு புளித்துவிட்டது.

ஜூன் 26

நான் பார்த்தது தவறு. ஆய்வுக்குக் கொடுத்த எச்சிலை ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவோம், முடிவுகளைத் தனிப்பட்ட முறையில் பார்க்கவோ சொல்லவோ மாட்டோம் என்று அந்தப் படிவத்தில் இருக்கிறது. அந்த வரியைத் தமிழில் எழுதியதும் நான்தான்.

எனவே யாரிடமும் சொல்வதற்கில்லை.

ஜூலை 8

மருத்துவமனையில் ரத்தம் கொடுத்திருந்தேன். இன்று முடிவு. ரத்த வகை எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றுதான், அதில் சிக்கல் இல்லை. திசுப் பொருத்தம் ஒன்றுகூட இல்லை.

அண்ணி என்னோடு வந்திருந்தாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"பயப்படாதீங்க. இப்பெல்லாம் புருஷன் பொண்டாட்டி குடுத்துக்கறாங்க, அவங்களுக்குள்ள என்ன பொருத்தம் இருக்கு? மருந்து இருக்கு. முழுப் பொருத்தம் இருந்தா மருந்து கம்மியாப் போதும், ரொம்ப வருஷம் ஓடும். இல்லைன்னாலும் ஓடும். வேற கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி" என்றேன்.

"அவரு வரமாட்டாருங்க" என்றாள் அண்ணி, கொஞ்சம் வேகமாக. பிறகு என்னைப் பார்த்தாள். "தொழில் அப்படி."

வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தாள். இதுவரை அவள் எனக்கு அப்படிச் செய்ததில்லை. பதினெட்டு வருடமாக இரண்டு பேரும் மரியாதையோடு விலகியே இருந்தோம். வழுக்கையைத் தோண்டி என் கையில் கொடுத்துவிட்டு, "நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் வாணி" என்றாள்.

நன்றாக இருந்தது இளநீர்.

ஜூலை 14

பூபதிக்குப் போன் செய்தேன். எனக்குப் பொருத்தம் இல்லை என்பதைச் சொன்னேன். ஆனாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்பறம் என்னக்கா, பிரச்சினை இல்லையல்ல?"

"நீயும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாரு. வெறும் ரத்தம்தான்."

"எடுத்தா?"

"எடுத்தாத் தெரியும்."

மெஷின் ஓடும் இடத்தைவிட்டு வெளியே வந்தான் போல, சத்தம் குறைந்தது.

"அக்கா, அன்னைக்குத் தீவாளிக்குத் துப்பிக் குடுத்தனே. அது இன்னும் உன்கிட்ட இருக்குதா?"

"ஆய்வகத்துல இருக்கு."

"அதுல இதெல்லாந் தெரியுமா?"

"பேரு இல்லாம இருக்கும். யாரும் பாக்க மாட்டாங்க."

"நீ பாத்தயா?"

"இல்லை" என்றேன்.

ஜூலை 15

காலையில் பூபதியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. அவன் எனக்கு எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவான். இது எழுத்தில் இருந்தது, யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியது போல. ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாகவும், தன் மாதிரியையும் அதிலிருந்து எடுத்த தகவலையும் அழித்துவிட வேண்டும் என்றும். அடியில் முழுப் பெயர்.

விலகுகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. அதுவும் படிவத்தில் இருக்கிறது.

ஜூலை 17

செய்தியை ஹெப்சிபா மேடத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நாகர்கோவில்காரர். இருபது வருடமாகக் கோவையில் இருக்கிறார், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"உங்க தம்பிதானே?"

"ஆமா மேடம்."

"காரணம் கேக்கக் கூடாது. கேக்கல." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ்."

தலையசைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அழிப்பதை என்னிடம் விடவில்லை, தானே உட்கார்ந்து செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். குழாயையும் எரிக்கும் பையில் போட்டார். பூபதி போனதும் அவனோடு சேர்ந்த இரண்டு ஜோடிகளும் கணக்கிலிருந்து போயின. சோதனைக் கணக்கை மறுபடி ஓட்டினேன். மதிப்பீட்டில் இரண்டாம் தசமத்தில்கூட மாற்றம் இல்லை.

ஆகஸ்ட் 2

ஸ்கேன், எக்கோ, இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர். எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மிக நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 7

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். காலையும் மாலையும் பார்க்கிறேன். சீராகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 19

முதல் முடிவுகள். உயரத்தில் நாங்கள் எதிர்பார்த்ததே வந்தது. சிறுநீரகச் செயல்பாட்டில் மரபின் பங்கு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டுகிறது. பிழை வரம்பு அகலம், இருந்தாலும் சுழியம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

மேடத்திடம் போனேன். இதை எழுதும்போது, உறவினரிடமிருந்து சிறுநீரகம் எடுக்கும்போது உள்ள ஆபத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமா என்று கேட்டேன். நோயாளிக்கு வந்தது கூடப்பிறந்தவருக்கும் பின்னால் வரலாம், ஒன்றைக் கொடுத்தபின் வந்தால் மிச்சம் ஒன்றுதானே.

அவர் என்னை உட்காரச் சொன்னார். வீட்டில்தான் நான் வாணி, ஆய்வகத்தில் கோகிலா.

"இந்த எண் எதைப் பத்தினது கோகிலா?"

"மக்கள்கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல, மரபால வர்ற பங்கு."

"அதுல ஒரு தனி ஆளுக்கு நாப்பது சதவீதம் ஆபத்துன்னு இருக்கா?"

"இல்லை."

"அதை நீங்கதான் மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கறீங்க." குரல் கடுமையாக இல்லை. "உங்க அண்ணனுக்கு வந்த மாதிரி உங்களுக்கு வருமா வராதான்னு அவங்க எடுத்த ஸ்கேனும் ரத்தமும் சொல்லும். இந்த எண் சொல்லாது. அந்தப் பத்தி வேண்டாம்."

எழுந்தேன்.

"நீங்க கேக்க வந்தது இதுதானா?"

"ஆமா மேடம்."

"சரி" என்றார். கதவு வரை வந்தார்.

ஆகஸ்ட் 28

அண்ணி முருங்கைக்கீரையும் நெய்யும் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் ரத்தம் ஊற வேண்டுமாம். அம்மா பழனிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் மட்டும் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் பட்டறை கதை சொல்கிறான். யாரோ ஒருவர் கிணற்று மோட்டாரைத் தலைகீழாக இறக்கிவிட்டாராம். சிரித்துச் சிரித்து இருமினான்.

செப்டம்பர் 4

இன்று மருத்துவமனையில் தனி நேர்காணல். கொடுக்கிறவரைக் குடும்பத்தார் யாரும் இல்லாமல் பேசிப் பார்ப்பது விதி. டாக்டர் லலிதாம்பிகை. மனநலப் பிரிவு. என் வயதுதான் இருக்கும். மேஜையில் பாதி கடித்த கொய்யா வைத்திருந்தார், மன்னிப்புக் கேட்டு ஒதுக்கி வைத்தார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆபத்து விகிதம், தையலின் நீளம், எத்தனை நாள் ஓய்வு, எல்லாம்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க. உங்களுக்கு விருப்பமா?"

"விருப்பம்தான்."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"தான்-னு சொன்னீங்க."

நான் ஒதுக்கி வைத்த கொய்யாவைப் பார்த்தேன்.

"இங்க நீங்க பேசறது இந்த ரூமை விட்டுப் போகாது. உங்களுக்கு வேண்டாம்னா நான் வீட்ல போய் 'அவங்க மாட்டேன்னுட்டாங்க'ன்னு சொல்ல மாட்டேன். 'இவங்க கொடையாளியாப் பொருத்தமில்லை'ன்னு மட்டும் சொல்லுவோம். காரணம் சொல்ல மாட்டோம். யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். அது எங்க வழக்கம்."

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது.

"நான் வேண்டாம்னா அடுத்தது யாரைக் கேப்பீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க யாரையும் கேக்க மாட்டோம். குடும்பம்தான் பாக்கணும்."

"தம்பி ஒருத்தன் இருக்கான். அவனுக்குப் பொருத்தம் நல்லா இருக்க வாய்ப்பிருக்கு."

"இருக்கலாம். நாலுல ஒண்ணு. நான் கேட்டது உங்களைப் பத்தி."

அண்ணனுக்கு முழுப் பொருத்தமான சிறுநீரகம் ஒன்று குடும்பத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒன்றுமே பொருந்தாததை வைப்பது சரியான முடிவல்ல. இது என் வசதிக்காகச் சொல்வதல்ல, எந்தக் கணக்கிலும் அப்படித்தான் வரும்.

"வேண்டாம்" என்றேன்.

"சரிங்க" என்றார், ஒரு துண்டு கொய்யா வேண்டுமா என்று கேட்பது போல. எதையோ எழுதினார். "தண்ணி குடிக்கறீங்களா?"

லிஃப்ட் இருந்தது. படியில் இறங்கினேன். எதிரில் இருந்த ஓட்டலில் இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். காப்பியும் குடித்தேன். சில வாரமாக இல்லாத பசி.

செப்டம்பர் 6

மருத்துவமனையிலிருந்து அண்ணிக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் எனக்குப் போன் செய்து, "உனக்கு உடம்புக்கு ஏதாவதுன்னு சொன்னாங்களா வாணி? மறைக்காதே" என்று கேட்டாள். அவளுக்கு என்னைப் பற்றித்தான் கவலை. வேறொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள், தானே கூட வருவதாகச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க அண்ணி. அவங்களுக்கு ஒத்துவரல, அவ்வளவுதான்."

பிறகு அண்ணன் போனை வாங்கினான்.

"நிம்மதியா இருக்குது" என்றான். "உன்னைக் கிழிச்சு எனக்கு வெக்கறதை நெனைச்சா எனக்குத் தூக்கம் வரல. ஆச்சு, விடு."

ரத்த அழுத்தக் கருவியை அலமாரிக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 15

வேலை அதிகம். கட்டுரையின் இரண்டாம் வரைவு.

செப்டம்பர் 30

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அன்றைக்குப் பூபதி பிள்ளைகளோடு உடுமலை போயிருந்தான். அண்ணனைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கோவை வரை அவன்தான் ஓட்டி வந்தான். வழி முழுக்க அண்ணன், "மெதுவாப் போடா, கொழந்தைக பயந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். குழந்தைகள் வண்டியில் இல்லை. அவர்களை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

நான் போனபோது பூபதி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

விடிந்ததும் அண்ணனுக்குத் தேவலை. பூபதி கீழே போனான். கார் எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றிருக்கிறான்.

அக்டோபர் 12

முழுப் பொருத்தம். டாக்டருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஒரே கருவில் உண்டான இரட்டையர் மாதிரி என்று அண்ணியிடம் சொன்னாராம். அம்மா எனக்குப் போன் செய்து, "நான் சொன்னது தப்பாப் போச்சு கண்ணு. பெரியவனும் பூபதியும்தானாமா ஒரே அச்சு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சுகன்யா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து ஒப்புதலில் கையெழுத்துப் போட்டாள்.

பூபதி என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 26

பூபதிக்குத் தனி நேர்காணல். அதே டாக்டராம். உள்ளே போனவன் சீக்கிரம் வந்துவிட்டான் என்று அண்ணி சொன்னாள். என்ன கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 11

காலையில் இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். பூபதி முதலில், அண்ணன் கொஞ்சம் கழித்து. நானும் அம்மாவும் அண்ணியும் சுகன்யாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா சுகன்யாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சுகன்யா அசையவே இல்லை.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். வைத்த சிறுநீரகம் மேஜையிலேயே சிறுநீர் விட்டது என்றார். அண்ணி அவர் காலில் விழப்போனாள், அவர் நகர்ந்துகொண்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வெகுநேரம் அங்கேயே இருந்தேன் என்று பின்னால் சுகன்யா சொன்னாள்.

நவம்பர் 13

சுகன்யா குளிக்க வீட்டுக்குப் போனாள். பகல் முழுக்கப் பூபதியோடு நான். பக்கவாட்டில் கட்டு, கையில் ஊசி. முகம் மட்டும் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த எச்சிலை அழிச்சுட்டயா?"

"அழிச்சாச்சு. ஜூலையிலயே."

"நான் ஏன் அப்படி அனுப்புனேன்னு கேக்கவே இல்லையே நீ."

"கேக்கக் கூடாது. விதி."

"விதியாம்." மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தெரியாத வரைக்கும் தப்பிச்சுக்கலாம்னு இருந்துச்சு. தெரிஞ்சுட்டா குடுத்துத்தான் ஆகோணும். நீ எங்காச்சும் பாத்துப்போடுவயோன்னுதான். அன்னைக்கு நீ போன் பண்ணுன தோரணையே சரியில்ல."

சுளையை அவன் கையில் வைத்தேன்.

"பாத்துட்டேன்" என்றேன். "நீ அனுப்பறதுக்கு முன்னாடியே. ஜூன்லயே."

அவன் தலையை மட்டும் திருப்பினான்.

"இல்லைன்னு சொன்னே."

"ஆமா."

சுளையைத் தின்னாமல் வைத்திருந்தான். அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. அவன் மந்தமானவன் இல்லை.

"உனக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே. அது ஆஸ்பத்திரி சொன்னதா, நீ சொன்னதா?"

"நான்தான் வேண்டாம்னேன். அவங்க வெளிய அப்படிச் சொன்னாங்க."

"என்னுது சேரும்னு தெரிஞ்சே."

"தெரிஞ்சேதான்."

அவனிடம் சொல்ல ஒரு விளக்கம் வைத்திருந்தேன். முழுப் பொருத்தம், குறைந்த மருந்து, கூடுதல் ஆயுள். செப்டம்பரில் இங்கே எழுதி வைத்ததுதான். வாய் வரை வந்தது. அது தப்பில்லை, அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை.

"நான் வரலைன்னா?" என்று கேட்டான். "அண்ணனுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

கையிலிருந்த ஆரஞ்சின் நாரைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

வார்டுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போய் முடிந்தபின் கேட்டான்.

"பயமா இருந்துச்சா?"

"ஆமா" என்றேன். "ரொம்ப."

எழுதும்போது பார்க்கிறேன், ஜூனிலிருந்து இத்தனை பக்கத்தில் என்னைப் பற்றி அந்த வார்த்தையை நான் எழுதவே இல்லை.

பூபதி ஆரஞ்சை வாயில் போட்டுக்கொண்டான். "எனக்கும்தான்" என்றான். அவன் முகத்தில் கோபம் இருந்தது. அது இன்றோடு போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த சுளைக்குக் கையை நீட்டினான்.

"அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். "ரெண்டுமே. நான் ஓடுனதும் வேண்டாம், நீ ஓடுனதும் வேண்டாம்."

நர்ஸ் வந்து இன்றைக்கு நடந்தே ஆக வேண்டும் என்றார். நான் ஒரு கையில் அவனுடைய சிறுநீர் வடியும் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையை அவன் பிடித்துக்கொண்டான், எலும்பு நோகும் அளவுக்கு. அண்ணனின் அறை நடைக்கூடத்தின் கடைசியில். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். பாதித் தூரத்தில் நின்றுவிட்டான், நெற்றியெல்லாம் வேர்வை.

"திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

"இரு" என்றான். "மூச்சு வாங்கட்டும்."

சுவரில் சாய்ந்து நின்றோம். அவன் மூச்சு சீராகும் வரை கையை விடவில்லை. பிறகு மறுபடி நடந்தோம்.